மண்டோர் அமுக்க மறுத்த பொத்தான்

1. விரதம் இருந்த செயலி

தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா. மஞ்சள் புடவை உடுத்து, வேப்பிலை செருகிய பால்குடத்தைத் தலையில் ஏந்தி, செருப்பணியாத கால்களால் செம்மண் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். ஆற்றோரப் பிள்ளையார் முன்பிருந்து உச்சிப்பொழுதில் ஊர்வலம் புறப்பட வேண்டும். என் வாயில் ஒரு பதிகம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நான்காம் பாட்டில் இருக்கும்போது முச்சந்தியைக் கண்டேன். ஓடிக்கொண்டிருக்க வேண்டிய லோரிகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. ஓட்டுநர்கள் செம்பனை நிழலில் குந்தியிருந்தனர்.

பதிகம் அவ்விடத்திலேயே நின்றது. அம்பிகை பொறுத்தருள்வாள் என்று நம்பினேன். தோட்டத்து மேனேஜர் பொறுப்பார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நீண்ட காலம் கணினி நிரல் எழுதி ஓய்வுபெற்றவள். வீட்டில் சும்மா இருக்க மனமின்றி, ராசா என்ற ஊரில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் சிறு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். முதலாளி டேவிட், என் மகன் வயதினர். அவர் என்னை ஆன்டி என்பார். நான் அவரைத் தம்பி என்பேன். வேலையில் தவறு நேர்ந்தால் இருவரும் ஒருவரையொருவர் "நீங்கள்" என்று மட்டும் விளிப்போம். ரெம்பாவ் பக்கத்தில் உள்ள இந்தச் செம்பனைத் தோட்டத்துக்கு நாங்கள் ஒரு செயலி எழுதித் தந்திருந்தோம். எந்த பிளாக்கில் வெட்டிய பழக்குலைகள் கிடக்கின்றன என்று மண்டோர், அதாவது வேலையை மேற்பார்க்கும் கங்காணி, தம் கைப்பேசியில் பதில் சொல்வார். அதைக் கொண்டு, எந்த லோரி எங்கே போய் ஏற்றி ஆலைக்குச் செல்ல வேண்டும் என்று செயலி கட்டளையிடும்.

மேனேஜர் ரசாக் கண்டிப்பானவர். செயலி வந்த நாளிலேயே ஒரு சட்டம் போட்டுவிட்டார். "ஆப் தாக் காத்தா ஜாலான், லோரி தாக் ஜாலான்" என்றார். செயலி போ என்று சொல்லாவிட்டால் லோரி போகக் கூடாது என்பது பொருள். எங்கள் செயலிக்கு அத்தகைய மரியாதை கிடைத்தபோது டேவிட்டும் நானும் அன்று பெருமைப்பட்டோம்.

குணா என்ற ஓட்டுநர் என்னைக் கண்டதும் எழுந்து வந்தான்.

"ஆன்டி, நல்ல வேளை வந்தீங்க. உங்க ஆப்பும் விரதம் இருக்குதா?"

"என்னப்பா சொல்றே?"

"காலையில இருந்து வாயையே தொறக்கலலா. நாங்க எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு அது மொகத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கோம். பழம் அங்க கெடக்கு, லோரி இங்க கெடக்கு."

"மாரிமுத்து அண்ணன் எங்கே?"

"கரகம் ஜோடிக்கிற எடத்துல. இந்தப் பழம் மில்லுக்குப் போகாம அவரு எங்க போறது?"

அதுதான் அன்றைய நெருக்கடி. மண்டோர் மாரிமுத்து கரகம் எடுப்பவர். காப்புக் கட்டி, ஒரு வேளை உண்டு, பாயில் படுத்து, கரகத்துக்குரிய விரதம் முழுவதும் காத்தவர் அவர் ஒருவரே. அவர் தலையில் கரகம் ஏறாமல் ஊர்வலம் ஓரடியும் நகராது. மேனேஜரோ, முந்திய நாள் வெட்டிய குலை முழுவதும் உச்சிக்கு முன்பாக ஆலைக்குப் போனால் மட்டுமே மண்டோருக்கு விடுப்பு என்று சொல்லியிருந்தார். வெட்டிய பழம் காத்திருந்தால் எண்ணெய் கெடும்; அவர் சொன்னதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ஆகவே அம்மன் கரகத்துக்கும் அதைச் சுமக்கும் தலைக்கும் நடுவே குறுக்காக நின்றது எங்கள் செயலி.

2. கேட்டது, ஆனால் காத்திருக்கவில்லை

இந்த இடத்தில் இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் தொழில் பேச வேண்டும்.

நான் பழகிய பழைய கணினிகளில் ஒரு கேள்விப் பெட்டி திரையில் தோன்றினால், பதில் வரும்வரை எல்லா வேலையும் நிற்கும். கைப்பேசியில் அப்படி நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் திரை உறைந்துபோகும். ஆகவே அந்தப் பெட்டியை, அதாவது பாப்-அப் டயலாக்கை, வேறு முறையில் எழுதுவர். பெட்டி கேள்வியைக் கேட்டுவிட்டு இருக்கும். கைப்பேசி தன் மற்றக் காரியங்களைப் பார்க்கும். பதில் வந்ததும், விட்ட இடத்திலிருந்து அந்த வேலை தொடரும். இதற்கு ஆங்கிலத்தில் asynchronous என்று பெயர்; அதை async எனச் சுருக்கித் தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன சொல்லாக வாசிக்கப்படும் என்பது உங்களுக்கே தெரியும். திருவிழா பற்றிய கட்டுரையில் அது வேண்டாம். காத்திருப்பு டயலாக் என்றே எழுதுகிறேன்.

பக்தருக்கு இது புதிய செய்தியன்று. சந்நிதியில் விண்ணப்பத்தை வைத்துவிட்டு எவரும் அங்கேயே கிடப்பதில்லை. வீட்டுக்குப் போய் உலை வைக்கிறோம், துணி துவைக்கிறோம். அருள் வரும் நாளில் வரும். ஆனால் ஒன்று: மகளுக்கு இந்த வரனை முடிக்கலாமா என்று அம்மனிடம் கேட்டவர், அவள் விடை தருமுன் பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்க மாட்டார்.

எங்கள் முதல் பதிப்பு பத்திரிகை அச்சடித்துவிட்டது. அதை எழுதியவர் டேவிட். பெட்டியைத் திறக்கும் வரியை எழுதினார். பதிலுக்குக் காத்திரு என்னும் ஒரு சொல்லை அதன்முன் எழுத மறந்தார். விளைவாக, "இந்த பிளாக்குக்கு லோரி அனுப்பலாமா?" என்ற பெட்டி மண்டோரின் திரையில் மலரும்போதே, லோரி பாதி வழி போயிருக்கும். முதல் நாளே குணா, தான் போஸ் என்று விளிக்கும் டேவிட்டைத் தொலைபேசியில் அழைத்தான்.

"என்னா போஸ், உங்க ஆப்பு கேள்வியும் அதுவே கேக்குது, பதிலும் அதுவே சொல்லிக்குது. அப்புறம் எதுக்கு மண்டோரு?"

"எங்கே இருக்கே குணா?"

"ஆப்பு போகச் சொன்ன எடத்துலதான். இங்க ஒரு பழமும் பழுக்கல. ரெண்டு உடும்பு மட்டும் நிக்குது. ஏத்தவா?"

டேவிட் சிரித்துக்கொண்டே அந்த ஒரு சொல்லைச் சேர்த்தார். அதன்பின் செயலி கேட்டது, காத்திருந்தது, பதில் வந்தபின் நடந்தது. கேள்விகள் பல ஒன்றாக வந்து ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் இருக்க, நான் ஒரு வரிசையும் அமைத்தேன். முன்னே உள்ள பெட்டிக்குப் பதில் கிடைத்தால்தான் பின்னே உள்ளது திறக்கும். கோயில் வரிசையைப் போல ஒழுங்காக இருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

3. பெட்டிக்கு வெளியே ஒரு தொடுதல்

சில வாரங்களில் மேனேஜரிடமிருந்து ஒரு புகார் வந்தது. ஏற்றி முடித்து வெறுமையாகிவிட்ட பிளாக்குகளுக்கு லோரிகள் மறுபடியும் போகின்றன என்றார். இது புதுவகை. ஒரு பிளாக்கிலிருந்து லோரி புறப்பட்டதும், "இந்த பிளாக்கில் இன்னும் பழம் இருக்கிறதா?" என்று செயலி கேட்கும். ஆம், இல்லை என இரண்டு பொத்தான்கள். இல்லை என்றால் அந்த பிளாக்கின் கணக்கு முடிந்தது. ஆம் என்றால் இன்னொரு லோரி போகும். வெறும் பிளாக்குக்கு மண்டோர் ஏன் ஆம் என்கிறார்?

மாரிமுத்துவைக் கேட்டோம்.

"ஆப்பு நல்லா இருக்குதுங்க அக்கா. ஒரு கொறையும் சொல்றதுக்கில்ல" என்றார்.

"லோரி சும்மா போய்ட்டு வருதாமே, அண்ணே?"

"அது வந்து... போய்ட்டு வரட்டுமே. காட்டைப் பாத்த மாதிரி இருக்கும்."

இதற்குமேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. அலுவலகத்துக்கு வந்து தேடினோம். எங்கள் செயலி ஒரே நிரல். ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடும். ஆனால் இரண்டும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளாய் இருந்தாலும் குணம் வேறு. நாங்கள் பயன்படுத்திய பெட்டி, மேனேஜரின் ஐபோனில் பொத்தானைத் தொட்டால் மட்டுமே மறையும். மண்டோரின் ஆண்ட்ராய்டில், பெட்டிக்கு வெளியே எங்கே தொட்டாலும் மறைந்துவிடும். அப்படி மறைந்தால் பதில் ஆம் அன்று, இல்லையும் அன்று, வெறுமை. அந்த வெறுமையை எங்கள் நிரல் ஆம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. மண்டோர் நாள்தோறும் பெட்டிக்கு வெளியேதான் தொட்டுக்கொண்டிருந்தார்.

"வயசானவரு, விரல் தவறிப் படுது ஆன்டி" என்றார் டேவிட்.

மண்டோரைவிட ஓரிரு வயது மூத்தவளாகிய நான், காதில் விழாதவள்போல் விசைப்பலகையை இழுத்துக்கொண்டேன். பிறகு இரண்டு கைப்பேசிகளிலும் ஒரே நடத்தை வருமாறு திருத்தினேன். இனிப் பெட்டிக்கு வெளியே தொட்டால் ஒன்றும் நடவாது. பின்செல்லும் பொத்தானும் உதவாது. ஆம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றை அமுக்கியே தீர வேண்டும். திருவிழாவுக்கு முந்திய நாள் அந்தப் பதிப்பை அனுப்பினோம்.

"இப்போ யாரும் தப்ப முடியாது" என்றார் டேவிட். நானும் தலையசைத்தேன்.

4. மூக்கால் தந்த விடை

முச்சந்திக்குத் திரும்புவோம்.

டேவிட்டும் அன்று திருவிழாவுக்கு வந்திருந்தார். மண்டோர் அன்னதானத்துக்கு அழைத்திருந்தார். டேவிட் அன்னதானத்தை மட்டும் கருத்தில் கொண்டு வந்திருந்தார். நான் குரல் கொடுத்ததும் காரிலிருந்து மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அதை என்னிடம் நீட்டியபோதுதான் இருவரும் இடர்ப்பாட்டை உணர்ந்தோம். என் தலையில் பால்குடம். நிரப்பிக் கட்டிய குடத்தைச் சந்நிதிக்கு முன்னால் எங்கும் கீழே வைக்கலாகாது. செயலியின் அந்தப் பகுதியை எழுதியவளோ நான்.

"நான் புடிக்கலாமா ஆன்டி? நான் சர்ச்சு ஆளாச்சே" என்றார் அவர் மெதுவாக.

நான் விடை சொல்லத் தயங்கிய வேளையில், ஈர வேட்டியும் வேப்பிலையும் சந்தனமுமாக மாரிமுத்து அங்கே வந்து சேர்ந்தார். நின்ற லோரிகளின் செய்தி கரகம் ஜோடிக்கும் இடம்வரை எட்டியிருந்தது.

"ஆத்தாவுக்குப் பாலு வந்தாச் சரி. யாரு கையின்னா பாத்துக்கிட்டு இருப்பா? புடிங்க போஸ். மொதல்ல அந்தச் சப்பாத்தைக் கழட்டுங்க."

டேவிட் காலணியைக் கழற்றிவிட்டு, இரு கைகளாலும் குடத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் லோரியின் படியில் மடிக்கணினியை வைத்துத் திறந்தேன். சர்வரில் பார்த்தால் எல்லாம் நலமாக இருந்தது. செயலி உறையவில்லை, அறுந்துபோகவில்லை. அது காத்திருந்தது. முந்திய மாலை கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு விடை வேண்டிக் காலைவரை அடக்கத்துடன் காத்திருந்தது. அதன் பின்னால் மற்ற எல்லா பிளாக்குகளின் கேள்விகளும், நான் அமைத்த ஒழுங்கான வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

"அண்ணே, உங்க போன் எங்கே?"

மேலாடையின்றி இருந்ததால் அவர் அதைக் குணாவிடம் கொடுத்து வைத்திருந்தார். குணா எடுத்துக் காட்டினான். திரையின் நடுவே பெட்டி. "ஏழாம் பிளாக்கில் இன்னும் பழம் இருக்கிறதா?" ஆம். இல்லை.

"ஏழாம் பிளாக்குல பழம் இருக்கா அண்ணே?"

"நேத்தே ஏத்தியாச்சுக்கா. சுத்தமா ஏத்தியாச்சு."

"அப்போ இந்தப் பொத்தானை அமுக்குங்க. லோரி எல்லாம் ஓடும்."

மாரிமுத்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அண்ணே?"

"எப்படிக்கா அமுக்குறது? காப்புக் கட்டியிருக்கேன். காட்டைப் பாத்து இல்லைன்னு சொல்லலாமா?"

அவர் செம்பனைகளின் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க தோட்டத்துல பழம் இல்லைன்னு யாரும் சொல்ல மாட்டோம். மரம் கேட்டுக்கும்க்கா. அப்பறம் அடுத்த சுத்துல அதுவும் இல்லைன்னு சொல்லிரும்."

"அப்போ இத்தனை நாளா?"

"வெளிய தொட்டா அது பாட்டுக்குப் போயிரும். மரியாதையாப் போயிரும். நேத்து அதுவும் போக மாட்டேன்னு நின்னுக்கிச்சு. ஆமான்னு அமுக்கலாமுன்னா பொய்யி. கரகம் தூக்குற வாயால பொய்யி சொல்லவா? நீங்களே சொல்லுங்க."

என் வீட்டில் அரிசி தீர்ந்தால், அரிசி நிறைந்திருக்கிறது, வாங்கி வா என்றுதான் சொல்வேன். விளக்கை அணை என்று இந்நாள்வரை சொன்னதில்லை. குளிர வை என்பேன். என் தாயும் அவ்வாறே சொன்னாள். அத்தகைய நான், ஒரு மனிதரின் சட்டைப்பையில் இல்லை என்ற சொல்லை ஒரு பொத்தானாக்கி வைத்து, தப்பிக்க இருந்த வழியையும் முந்திய நாள் அடைத்திருக்கிறேன்.

"சரி, நேரம் போகுது. நான் அமுக்குறேன்" என்று விரலை நீட்டினேன். என் மணிக்கட்டிலும் கட்டியிருந்த மஞ்சள் காப்பு கண்ணெதிரே ஆடியது. விரல் திரைக்கு மேலே நின்றது.

"பாத்தீங்களா? உங்களுக்கும் வரல" என்றார் மாரிமுத்து.

"குணா, நீயாவது..."

"ஐயோ ஆன்டி, டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சு இன்னும் மொத ட்ரிப்பே போகல. வண்டி முன்னால நின்னு இல்லைன்னு அமுக்கவா? அடுத்த ஆளைக் கேளுங்கலா."

அடுத்த ஓட்டுநர் அதற்குள் தம் லோரிக்குப் பின்னால் போய் ஏதோ தேடத் தொடங்கிவிட்டார். அனைவரின் பார்வையும் குடத்தை அணைத்துக்கொண்டு நின்ற டேவிட்டின்மேல் விழுந்தது.

"எனக்கு அமுக்குறதுல பிரச்சினை ஒண்ணும் இல்ல" என்றார் அவர். "ஆனா கை?"

"மூக்கு இருக்கே போஸ்" என்றான் குணா.

ராசாவில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் முதலாளி, ரெம்பாவ் பக்கத்துச் செம்மண் பாதையில் வெறுங்காலோடு நின்று, பால் தளும்பாமல் முதுகை வளைத்து, குணா பிடித்துக் காட்டிய திரையில் மூக்கை வைத்தார். முதல் முறை வியர்வையில் வழுக்கிப் பெட்டிக்கு வெளியே பட்டது. ஒன்றும் நடக்கவில்லை, என் திருத்தம் அவ்வளவு உறுதியானது. இரண்டாம் முறை மூக்கு பொத்தானில் பட்டது. பெட்டி மறைந்தது. வரிசையில் அடுத்த கேள்வி திறந்தது: ஒன்பதாம் பிளாக்.

"அங்க இருக்கு! நெறையக் கெடக்கு!" என்று மாரிமுத்து தாமே பாய்ந்து ஆம் என்பதை அமுக்கினார். குணாவின் கைப்பேசி ஒலித்தது. திருவிழா மேளம் கேட்டவன்போல் அவன் மண்டோரின் கைப்பேசியை என் கையில் திணித்துவிட்டு லோரிக்குத் தாவினான். எலுமிச்சை நசுங்கியது.

அடுத்தது பத்தாம் பிளாக். அங்கே பழம் ஏற்றி முடிந்திருந்தது. மறுபடியும் மூக்கு. பதினோராம் பிளாக்கும் அவ்வாறே.

"ஆன்டி, இன்னும் எத்தனை? என் மூக்குல கீறல் விழுது" என்றார் டேவிட்.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பொத்தான்களில் உள்ள சொற்களை நாங்கள் செயலிக்குள் பதித்து வைக்கவில்லை. மலாய், ஆங்கிலம், தமிழ் என மூன்று மொழிகளிலும் அவை சர்வரில் இருந்தன; ஒவ்வொரு பெட்டியும் திறக்கும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். மடிக்கணினியில் அந்தத் தமிழ்ச் சொல்லைத் தேடிப் பிடித்தேன். இல்லை என்பதை அழித்து, நிறைவு என்று எழுதினேன். பக்கத்துப் பொத்தானில் ஆம் என்பதை, இருக்கு என்று மாற்றினேன்.

அடுத்த பெட்டி திறந்தது. மாரிமுத்து குனிந்து வாசித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இப்பத்தான்க்கா இது தமிழ் பேசுது" என்று சொல்லி, நிறைவு என்பதைச் சுட்டுவிரலால் நன்றாக அழுத்தினார். பொட்டு வைப்பவர்போல் அழுத்தினார்.

5. காத்திருக்க ஆள் தேவை

லோரிகள் ஓடத் தொடங்கின. ஆனாலும் காலைப்பொழுது கரைந்துவிட்டிருந்தது. உறுமி மேளம் ஆற்றோரத்தில் முழங்கத் தொடங்கிய வேளையில், கடைசிச் சில பிளாக்குகளின் பழம் இன்னும் பாதையோரத்தில் கிடந்தது. டேவிட்டின் கைப்பேசி அடித்தது. அவர் கைகள் இன்னமும் குடத்திலேயே இருந்ததால், அவருடைய சட்டைப்பையிலிருந்து எடுத்து நான் பேசினேன். மேனேஜர் ரசாக்.

உச்சி வந்துவிட்டது, பழம் வந்து முடியவில்லை என்றார் மலாயில். நான் நடந்ததைச் சொன்னேன். மூக்கைப் பற்றிய பகுதியில், மறுமுனையில் அடக்க முயன்று தோற்ற ஒரு சிரிப்புக் கேட்டது. ஆனால் அவர் தம் சட்டத்தை விடவில்லை. கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இன்றி லோரி ஓடக் கூடாது, மண்டோர் போனால் வேறு யார் இருப்பார் என்று கேட்டார்.

மாரிமுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தலைமுடியிலிருந்து மஞ்சள் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் இருக்கிறேன், துவான்" என்றேன் மரியாதையாக.

"காக், போலே துங்கு? சம்பாய் ஹாபிஸ்?" என்றார் மேனேஜர். அக்கா, முடியும்வரை உங்களால் காத்திருக்க முடியுமா என்று கேட்கிறார்.

"போலே."

"அப்படியானால் மண்டோர் போகலாம்" என்று மலாயில் சொல்லி வைத்துவிட்டார்.

மாரிமுத்து என்னை நோக்கிக் கைகுவித்தார். நான் அந்தக் கும்பிடு எனக்குரியதன்று என்று ஆற்றின் பக்கம் கை காட்டினேன். அவர் ஓடினார். விரதத்தில் அவ்வளவு மெலிந்திருந்தவர் அவ்வளவு வேகமாக ஓடியதை வேறு எப்போதும் கண்டதில்லை.

"ஆன்டி, கொடம்?" என்றார் டேவிட்.

அவரிடமிருந்து வாங்கினால் நான் கைப்பேசியைத் தொட முடியாது. அவரைக் காத்திருக்கச் சொல்லி நான் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். டேவிட்டுக்குத் தமிழ் வாசிக்க வராது; எந்த பிளாக் எங்கே உள்ளது என்பதும் தெரியாது. நானோ அந்த பிளாக்குகளின் வரைபடத்தை வரைந்தவள்.

"நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி."

"நானா? கோயிலுக்குள்ள வரைக்குமா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"ஒரு பெரியவருக்கு ஒத்தாசை பண்ணேன்னு சொல்லுங்க. பொய்யில்ல."

அவர் சிறிது யோசித்தார். பிறகு குடத்தை நெஞ்சிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கல்லும் முள்ளும் குத்தக் குத்த, ஆற்றுப் பக்கம் நடந்தார். நான் லோரிப் பாதையோரத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன். தொலைவில் உறுமி உச்சத்துக்குப் போயிற்று, குலவை கேட்டது, கரகம் ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். என் மடியில் இருந்த திரை ஒவ்வொரு பிளாக்காகக் கேட்டது. ஏற்றி முடிந்ததா என்று ஓட்டுநரிடம் தொலைபேசியில் விசாரித்து, ஒவ்வொன்றுக்கும் நிறைவு என்று அமுக்கினேன். விட்ட பதிகத்தை நான்காம் பாட்டிலிருந்து தொடர்ந்தேன். கடைசி லோரி ஆலை வாசலைக் கடந்தபோது பதிகமும் முடிந்தது. அம்மனை அன்று நான் காணவில்லை. ஆனால் அவ்வளவு கவனமாக எந்தப் பதிகத்தையும் நான் அதற்குமுன் ஓதியதில்லை.

6. நட்சத்திரம் தெரியாதவர்

மாலையில் டேவிட் திரும்பி வந்தார். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. மூக்கில் கீறல். காலில் இரண்டு முள். முகத்தில் ஒரு திகைப்பு.

"என்ன தம்பி, நல்லபடி ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு ஆன்டி. ஆனா அங்கயும் ஒரு பாப்-அப் வந்துச்சு."

"என்னது?"

"கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால பூசாரி நிறுத்தி, பேரு என்னா, நட்சத்திரம் என்னா, ராசி என்னான்னு கேட்டாரு. பேரை டேவிட்னு சொன்னேன். அவரு ஒரு செகண்டு என்னைப் பாத்தாரு. அப்பறம் நட்சத்திரம்? எனக்கு என்னா தெரியும்? உங்க நட்சத்திரமும் எனக்குத் தெரியாது. எதையாவது சொல்லலாமுன்னா, அங்க நின்னு பொய் சொல்ல வாய் வரல. இல்லைன்னு சொல்லவும் வாய் வரல, காலையில அவ்வளவு நடந்திருக்கு. அப்படியே நிக்கிறேன். எனக்குப் பின்னால அத்தனை கொடமும் நிக்குது. ஒரு அம்மா, என்னப்பா முன்னாடி ஜாம் ஆயிருச்சான்னு கேக்குறாங்க."

"அப்பறம்?"

"பூசாரி ஒண்ணும் கோவிக்கல. 'தெரியலைன்னா பரவாயில்ல, சாமி பேருக்குப் பண்ணிருவோம், நகருங்க' அப்படின்னு சொல்லிட்டு ஊத்திட்டாரு. வரிசை போயிருச்சு." சற்று நின்று, "ஆன்டி, அவருக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து செயலியின் எல்லாக் கேள்விப் பெட்டிகளையும் திறந்து பார்த்தோம். பதிலுக்குக் காத்திருக்கும் நிரலை எழுதுவது எளிது. ஒரு சொல் போதும். அந்தக் கேள்வியைப் பெறுபவர் அதற்கு மெய்யாகவும் கூசாமலும் விடை சொல்ல முடியுமா என்று பார்ப்பதுதான் வேலை. அதைவிடப் பெரிய வேலை, விடை தெரியாமல் நிற்பவரையும் கடிந்துகொள்ளாமல் பக்கத்தில் ஒதுக்கி, பின்னால் நிற்கும் வரிசையை நகர்த்துவது. இப்போது எங்கள் பெட்டிகள் ஒவ்வொன்றிலும் மூன்றாவது பொத்தான் ஒன்று இருக்கிறது. சிறிது நேரத்தில் எவரும் எதையும் தொடாவிட்டால், அதுவே அமுங்கிக்கொள்ளும், அந்தக் கேள்வி வரிசையின் கடைசிக்குப் போய் நிற்கும், மற்றவை நடக்கும்.

அதற்கு என்ன பெயர் வைப்பது என்று டேவிட் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று வைக்கலாம் என்றேன். திரைக்கு மட்டும் அவர் அதை ஒப்பினார். நிரலுக்குள், எவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், அந்தப் பொத்தானுக்கு அவர் தாமே ஒரு பெயர் இட்டிருக்கிறார்: சாமி பேருக்கு.